ஒரு குதிரைக்கான மருந்து

குதிரை லத்தி நாறாது. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வாசலில் மாட்டுச் சாணம் கரைத்துத் தெளிக்கிறவர்கள்கூட குதிரை லத்தியைக் கண்டால் மூக்கைப் பொத்துவார்கள். கொள்ளும் அறுகம்புல்லும் தின்ற குதிரையின் லத்தியைப் பிட்டுப் பாருங்கள், மழையில் நனைந்த வைக்கோல் வாடைதான் வரும். வருஷக்கணக்கில் பிட்டுப் பார்த்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஜட்கா ஸ்டாண்ட் இருந்தது. காலை நேரத்தில் கையில் பிளாஸ்டிக் பைகளோடு அங்கே போய் நிற்பேன். குதிரை எப்போது லத்தி போடும் என்று அதன் வாலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுந்த சூட்டில், தரையில் படாத மேல் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். மண் ஒட்டினால் மண்ணில் இருக்கிற வேறு புழுவும் சேர்ந்துகொள்ளும். ரயிலை விட்டு இறங்கி வருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். படித்த பெண் மாதிரி இருக்கிறாள், லத்தி பொறுக்குகிறாளே என்று ஒரு அம்மாள் என் காதில் விழவே சொன்னார். ஒரு கல்யாணத் தரகர் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குப் போய், பெண்ணுக்கு ஏதாவது கோளாறா என்று மதினியிடம் விசாரித்தாராம். மதினி அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அவளுடைய டீ வடிகட்டியை வேறு நான் லத்தி கரைத்து வடிகட்டக் கொண்டுபோயிருந்தேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அப்பா போனபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அப்பாவின் ஜட்கா வண்டியையும் வாரையும் அண்ணன் கையில் எடுத்தார். அந்த வண்டி ஓடித்தான் நான் கல்லூரிக்குப் போனேன், விலங்கியலில் மேல்படிப்பு படித்தேன், ஆராய்ச்சிக்கும் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் போதும் படித்தது என்றார்கள். அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு நாளும் வந்ததில்லை.

கூடப் படித்தவர்கள் மீன், தவளை, பட்டுப்பூச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். குதிரையின் குடற்புழுவுக்கு மருந்து ஏன் வேலை செய்யாமல் போகிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். என் பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மதுரையில் குதிரைக்கு எங்கேம்மா போவே என்று கேட்டார். எங்க வீட்டுக்கே போவேன் சார் என்றேன். எனக்கு எப்போதும் வெடுக்கென்று பேசும் வாய். அதனால் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அன்றைக்கு அவர் சிரித்துவிட்டார்.

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசை அன்று காலையில் யாரும் சவாரி ஏற்றமாட்டார்கள். வண்டிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குதிரைகளை வைகைக் கரையில் ஒரு புளியமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணன் சாக்கை விரித்து நடுவில் உட்காருவார். கூட்டாக வாங்கிய பூச்சி மருந்துப் பொட்டலங்களைப் பிரித்து ஒரு தாளில் கொட்டுவார். பழைய சீட்டுக்கட்டுச் சீட்டு ஒன்று வைத்திருந்தார். அதை வைத்து அந்த வெள்ளைத் தூளைக் குவியல் குவியலாகப் பிரிப்பார். எத்தனை குதிரையோ அத்தனை குவியல். ஒவ்வொன்றையும் தவிட்டோடும் கருப்பட்டியோடும் பிசைந்து உருண்டை பிடிப்பார். பெரிய குதிரைக்குப் பெரிய உருண்டை, மட்டக் குதிரைக்குச் சின்னது என்பதெல்லாம் கிடையாது. பணம் போட்டவன், போடாதவன் என்பதும் கிடையாது. எல்லோரும் வரிசையில் வந்து கையை நீட்டி வாங்கிப் போவார்கள். கடைசி உருண்டைதான் எங்கள் குதிரைக்கு.

இதை ஆரம்பித்தவரும் அண்ணன்தான். எழுபதுகளில் ஒரு மழைக்காலத்தில் ஸ்டாண்டில் ஒருவருடைய குதிரை வயிறு உப்பி, காலை உதைத்து உதைத்துச் செத்தது. அந்தப் பூச்சி மருந்து அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. வசதி இருந்த ஓரிருவர் தங்கள் குதிரைக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனிதரால் முடியவில்லை. கார்ப்பரேஷன் வண்டி குதிரையை ஏற்றிக்கொண்டு போன பிறகு அவர் கடிவாளத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். அண்ணனால் அதைத் தாங்க முடியவில்லை. இனிமேல் இந்த ஸ்டாண்டில் மருந்து வந்தால் எல்லாக் குதிரைக்கும் வரும், இல்லாவிட்டால் எந்தக் குதிரைக்கும் வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னார். அதிலிருந்து அவரை ஸ்டாண்டே அண்ணே என்று கூப்பிட்டது. என் அப்பாவோடு சேர்ந்து வண்டி ஓட்டிய தாடிக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அண்ணனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருக்கும்.

முதல் சில வருஷங்கள் அந்த உருண்டை நன்றாகவே வேலை செய்தது. குதிரைகளின் ரோமம் பளபளத்தது. பிறகு ஒவ்வொன்றாக மெலிந்தன. அமாவாசைக்கு மட்டும் கொடுத்ததைப் பௌர்ணமிக்கும் கொடுத்தார்கள். அப்போதும் மெலிந்தன.

எங்கள் குதிரை ஒரு செவலைப் பெட்டை. குட்டியாக வந்து எங்கள் கொட்டடியில் வளர்ந்தது. அண்ணன் அதைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். என்னைக் கல்லூரியில் இறக்கிவிட்டு இறக்கிவிட்டுப் பழகி, சவாரி ஏற்றிப் போகும்போதும் அந்த வாசல் வந்தால் தானாக நின்றுவிடும். வண்டியில் இருக்கிறவர்கள் திட்டுவார்கள். அண்ணன் இறங்கி அதன் கழுத்தைத் தடவி, பாப்பா இன்னைக்கு வரலடி, போவோம் வா என்று சொன்னால்தான் நகரும். அந்தக் குதிரைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ரோமம் முள்ளாக நின்றது. லத்தி இளகலாகப் போனது. அது போனால் இன்னொரு குதிரை வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. குதிரை இல்லாவிட்டால் அண்ணனுக்கு ஸ்டாண்டும் இல்லை. ஆனால் அண்ணனுடைய பயம் அதுவல்ல. அவருக்குத் தாயி வேண்டும், அவ்வளவுதான். என் ஆராய்ச்சியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தாயி பொழைச்சுக்குமா பாப்பா என்றார்.

தையல்காரர் டேப்பால் ஒவ்வொரு குதிரையின் மார்பையும் சுற்றி அளந்தேன். அந்தச் சுற்றளவிலிருந்து எடையைக் கணக்கிடலாம். எடைக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. அண்ணனின் உருண்டையில் இருந்தது வேண்டியதில் பாதிகூட இல்லை. மருந்துக்கு முன்னால் எடுத்த லத்தியை உப்புநீரில் கரைத்து வைத்தால் புழுமுட்டைகள் மேலே மிதந்து வரும். அதைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொரு குதிரைக்கும் முழு அளவு மருந்தை நானே கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எண்ணினேன். முட்டைகள் அப்படியே இருந்தன. முழு மருந்து கொடுத்தும் அசையவில்லை.

மருந்து போலியாக இருக்கும் என்றார் பேராசிரியர். அதே கடையில் வாங்கிய அதே மருந்தை எடுத்துக்கொண்டு சோழவந்தானுக்குப் போனேன். அங்கே வெற்றிலைக் கூடைகளை ஸ்டேஷனுக்கு ஏற்றி வரும் ஜட்காக்கள் சில இருந்தன. அந்தக் குதிரைகள் பூச்சி மருந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவற்றுக்கும் அளந்து கொடுத்தேன். அடுத்த தடவை போய் லத்தி எடுத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் திரும்பி வரும்போது, என் பையைப் பார்த்த ஒரு அக்கா, வெத்தலையா, கவுளி என்ன விலை என்று கேட்டாள். இல்லக்கா, குதிரை லத்தி என்றேன். அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டாள்.

சோழவந்தான் குதிரைகளின் லத்தியில் முட்டையே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணாடிச் சில்லு துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. மருந்து நல்ல மருந்துதான். எங்கள் ஸ்டாண்டின் புழுதான் மருந்தை மீறிவிட்டது.

பேராசிரியருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இது போதும், உனக்குப் பட்டம் நிச்சயம் என்றார். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகைதான் வந்தது. காரணம் கையில் இருந்தது. அரைகுறை மருந்து உள்ளே போனால் நோஞ்சான் புழு சாகும், கெட்டியான புழு தப்பிக்கும். தப்பித்தது முட்டை போடும். அந்த முட்டை லத்தியோடு ஆற்றுப்புல்லில் விழும். எல்லாக் குதிரையும் மேய்வது அதே ஆற்றுப்புல்லில். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அரை மருந்து, மறுபடியும் கெட்டியானது மட்டும் மிச்சம். மாதாமாதம் சலித்துச் சலித்து, சாகாத புழுவாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து வளர்த்திருக்கிறது எங்கள் ஸ்டாண்ட். பொறுக்கியெடுத்த கை என் அண்ணனுடையது. இதை அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

சொன்னேன். வைகை மணலில் அவர் தாயியைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று, சோழவந்தான் கதையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தேய்க்கும் கையை நிறுத்தாமலே கேட்டார். முடித்ததும் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்ப எல்லாத்துக்கும் பங்கு வச்சதுதான் கெடுத்திருச்சுங்கிற."

"பத்தாம போச்சுன்னு சொல்றேண்ணே."

அவர் தாயியின் முதுகில் தண்ணீரை அள்ளி ஊற்றினார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன், புத்தகப் படிப்பு என்ன தெரியும் உனக்கு என்று சண்டைக்குப் போயிருப்பேன். அவர் நம்பிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அடுத்த அமாவாசைக்கு உருண்டை பிடித்தார். ஏன் என்று கேட்டேன். எல்லோரும் மரத்தடிக்கு வந்து நிற்கும்போது வெறுங்கையோடு எப்படி உட்காருவது என்றார்.

இதற்கிடையில் பேராசிரியர், மெட்ராசில் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவருக்கு எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து புதிய மருந்து வந்திருக்கிறது, பழைய மருந்துக்கு மசியாத புழுவையும் அது கொல்லும் என்று பதில் வந்தது. அந்த டாக்டர் மருந்தையும் மதுரைக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஊசி இல்லாத சிரிஞ்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே பசை. குதிரையின் கடைவாயில் வைத்து அழுத்திவிட வேண்டியதுதான். ஒரு குழாய், ஒரு குதிரைக்கு. அவரிடமும் அதற்கு மேல் இல்லை.

அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணனை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன். இது ஒரு குதிரைக்குத்தான், பிரித்தால் கெட்டது, தாயிக்கு மட்டும் கொடுங்கள், முழுசாகக் கொடுங்கள் என்றேன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மறுநாள் எனக்குச் சோழவந்தானில் வேலை இருந்தது. மறுநாள்தான் அமாவாசை என்பது என் நினைவில் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தாயியின் லத்தியை எண்ணினேன். முட்டை கொஞ்சம் குறைந்திருந்தது, அவ்வளவுதான். புதிய மருந்தும் பலிக்கவில்லை என்று இடிந்துபோனேன். வழக்கமாக எண்ணவேண்டிய மற்றக் குதிரைகளின் லத்தி மேசையில் இருந்தது. மனசே இல்லாமல் அதையும் எடுத்துப் பார்த்தேன். தாடிக்காரப் பெரியவரின் குதிரையில் கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்ததிலும் கொஞ்சம். அதற்கடுத்ததிலும். எல்லாக் குதிரையிலும் ஒரே மாதிரி, கொஞ்சம் கொஞ்சம். மைக்ராஸ்கோப்பில் என் அண்ணனின் கை தெரிந்தது.

வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. கொட்டடியில் அண்ணன் தாயிக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நீங்க என்ன சாமியா, ஊருக்கெல்லாம் படியளக்க, உங்க குதிரை செத்தாப் பரவாயில்லையா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். மதினி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் கொள்ளுத் தொட்டியைக் கீழே வைத்தார்.

"தாயி வாய்க்கிட்ட வரைக்கும் கொண்டுபோனேன் பாப்பா. அம்புட்டுப் பேரும் குதிரையப் புடிச்சுக்கிட்டு என் கையவே பாக்குறாங்க. என் குதிரைக்கு மட்டும் எப்படி ஊட்டுறது? கை வரல."

பசையைக் கருப்பட்டி உருண்டைகளில் பொட்டு வைக்கிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமான உருண்டை என்று நினைத்து அவர்களும் வாங்கிப் போயிருக்கிறார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை, அவரும் சாப்பிடவில்லை. மதினி இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே பானையை மூடி வைத்தாள்.

முழுக் குழாயும் கொடுத்திருந்தால் தாயி பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கலாம். குடல் சுவருக்குள் புதைந்து கிடக்கும் புழுக் குஞ்சுகளை அந்த மருந்தும் தொடாது என்று பின்னால் படித்தேன். அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இதை அண்ணனிடம் எத்தனையோ முறை சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தார்.

ஐப்பசி மழையில் தாயி படுத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டு டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். அண்ணன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டடியிலேயே கிடந்தார். மழை விட்ட ஒரு காலையில் அது போய்விட்டது. கொள்ளு ஊறிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மதினி அழுதாள்.

அறுத்துப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நீயே பார் என்றார். முடியாது என்றேன். கண்ட கையும் அவள் மேல் பட வேண்டாம், பார்க்கிறது என்றால் நீ பார் என்றார். அப்படித்தான் கத்தியை நான் எடுத்தேன். மறுபடியும் தூறல் விழுந்தது. அண்ணன் என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

பெருங்குடலின் உட்சுவர் முழுக்கக் கம்பு தூவினது மாதிரி புள்ளிபுள்ளியாக இருந்தது. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு குஞ்சு. சுவருக்கு மேலே நூல் மாதிரி சிவப்புப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் மருந்தத் தின்னும் சாகாததா?"

"ஆமாண்ணே."

"அப்ப இது நான் வளத்தது."

குடை ஆடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் என் முதுகில் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதற்கு முன்னால் வாசலில் இறக்கிவிட்டுப் போனதோடு சரி, உள்ளே கால் வைத்ததில்லை. தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றார். அந்த மருந்து இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். நமக்குத்தான் குதிரை இல்லையே என்றேன். ஸ்டாண்டில் இருக்கிற குதிரைகளில் எதற்குக் கொடுத்தால் பிழைக்கும் என்று நீ சொல், அதற்குக் கொடுப்போம் என்றார்.

பேராசிரியர் மெட்ராஸ் டாக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு குழாய் வாங்கிக் கொடுத்தார். மறுபடியும் ஒன்றுதான். இரண்டு குதிரைகள் மோசமாக இருந்தன. ஒன்று தாடிக்காரப் பெரியவருடையது, வயதானது, எழுந்து நிற்கவே சிரமப்பட்டது. இன்னொன்று மானாமதுரையிலிருந்து புதிதாக ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்த ஒருவருடையது, இளம் குதிரை. எண்ணிக்கையையும் பார்த்தேன், உடம்பையும் பார்த்தேன். மானாமதுரைக்காரர் குதிரைதான் பிழைக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது. பெரியவருடையது தேறாதா என்று கேட்டார். தேறாது என்றேன். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த அமாவாசைக்கு நானும் கூடப் போனேன். புளியமரத்தடியில் எல்லோரும் குதிரைகளோடு நின்றார்கள். குதிரை இல்லாவிட்டாலும் அண்ணன்தான் பங்கு பிரிக்க வேண்டும் என்று யாரோ சாக்கை விரித்து, கருப்பட்டியையும் தவிட்டையும் எடுத்து வைத்திருந்தார்கள். அண்ணன் சாக்கைத் தாண்டி நடந்தார். மானாமதுரைக்காரரின் குதிரையிடம் போய், அதன் தாடையைப் பிடித்து, குழாயைக் கடைவாயில் வைத்து ஒரு சொட்டுப் பாக்கியில்லாமல் அழுத்தினார். தலையைத் தூக்கிப் பிடித்து அது விழுங்கும்வரை நின்றார். பிறகு திரும்பி, இனிமேல் உருண்டை கிடையாது, எது முடியாமல் இருக்கிறதோ அதற்கு மட்டும் முழுசாகக் கொடுக்கணும், பங்கு வைத்துத்தான் எல்லாம் கெட்டுப்போனது என்றார்.

நேற்று வந்தவன் குதிரைக்கு மட்டும் என்ன என்ற முணுமுணுப்பு பின்னாலிருந்து வந்தது. தாடிக்காரப் பெரியவர் தன் குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி கேட்டார்.

"என் குதிரை என்னண்ணே பாவம் பண்ணுச்சு?"

நான் முன்னால் போனேன். எண்ணிப் பார்த்தது நான், சொன்னதும் நான் என்று பேச வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான்தான் பார்த்து முடிவு பண்ணினேன் என்றார். பெரியவர் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு கரை ஏறிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். சாக்கும் கருப்பட்டியும் மரத்தடியிலேயே கிடந்தன.

மானாமதுரைக்காரரின் குதிரை பிழைத்தது. ஒரு மாதத்தில் ரோமம் படிந்து, கண்ணில் உயிர் வந்தது. அதன் லத்தியை எண்ணினபோது ஒரு முட்டைகூட இல்லை. ஆனால் ஸ்டாண்டில் அவருக்கு யாரும் முறை விடவில்லை. அவர் வரிசையில் நின்றாலும் சவாரி அடுத்தவருக்குப் போனது. பார்த்துப் பார்த்துவிட்டு அவர் பரவை மார்க்கெட் பக்கம் போய்விட்டார். பெரியவரின் குதிரை மார்கழியில் செத்தது. அதற்குப் பிறகு அமாவாசைக்கு யாரும் மரத்தடிக்குப் போகவில்லை. அவரவர் தனித்தனியாக மருந்து வாங்கினார்கள், அல்லது வாங்காமல் விட்டார்கள். அண்ணன் கப்பலூரில் ஒரு கம்பெனிக்குக் காவலுக்குப் போனார். காக்கிச் சட்டையில் அவர் கிளம்பும்போது நான் உள்ளே போய்விடுவேன்.

என் ஆராய்ச்சி முடிந்தது. எல்லாக் குதிரைக்கும் கொடுக்காமல், நோயுற்ற குதிரைக்கு மட்டும் முழு அளவு மருந்து தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டி, ரொம்பத் தெளிவான யோசனை, நடைமுறைக்கும் சுலபம் என்று பாராட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சார் என்றேன்.

பட்டம் வாங்கிய அன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வாருங்கள் என்று மதினி சொல்லியிருந்தாள். ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஸ்டாண்டில் சில வண்டிகளே நின்றன. முன்னால் நின்ற வண்டியில் தாடிக்காரப் பெரியவர் இருந்தார். யாருடைய குதிரையையோ வாடகைக்கு ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். அண்ணன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஓர் அடி முன்னால்கூட எடுத்து வைத்தார்.

"வாங்க சார், எங்க போகணும்?"

பெரியவருக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. அண்ணனை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் அப்படியே நின்றார். பிறகு, வேண்டாங்கய்யா, நடந்தே போறோம் என்றார். என் கையிலிருந்த பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.